வீடு மாறும்போது தொலையும் சாவி

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் சேலம், நாமக்கல் பக்கத்துத் தெருக்களில் குட்டியானை வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடும். தை பிறந்தாலும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்று பலரும் பார்ப்பதால், தள்ளிப்போட்ட குடிமாற்றமெல்லாம் அடுத்த மாதத்து முகூர்த்த நாட்களில் நெருக்கியடித்து நடக்கும். அந்த நெருக்கடியில் எளிதாகத் தொலைவது சாவி. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் கண்ணெதிரே ஏறி இறங்குகின்றன. சாவி மட்டும் யாருடைய சட்டைப் பையில் போனது, எந்தப் பாத்திர மூட்டைக்குள் விழுந்தது என்று தெரியாமல் போய்விடுகிறது.

கதவை எப்படித் திறப்பது என்பதுதான் அப்போது முதலில் வரும் கவலை. கைதேர்ந்த ஒருவர் வந்தால் தீர்ந்துவிடும் கவலை அது. அந்தச் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது, அது எந்த வீட்டுச் சாவி என்று அவருக்குத் தெரியுமா என்பதுதான் பெரிய கேள்வி. வீடு மாறும் நாளில் அது இரட்டிப்பாகிறது. காலி செய்யும் வீட்டின் சாவி, குடிபோகும் வீட்டின் சாவி என இரண்டு கொத்துகள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஏற்றுபவர், இறக்குபவர், பெயின்ட் அடிப்பவர், ஒயரிங் பார்ப்பவர் என்று கதவைத் தாண்டி வருகிறவர்களும் அன்றைக்கு அதிகம்.

ஓர் அவசரத்தை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். புது வீட்டில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சாமான் வண்டி வந்த சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே வருவார்கள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். நைட் லாட்ச் வகைப் பூட்டாக இருந்தால், சாவி உள்ளே, ஆட்கள் வெளியே. உள்ளே அடுப்பு எரிகிறது, அல்லது குழந்தையோ வயதானவரோ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் சாவி போடுபவரைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101, பொது அவசர உதவிக்கு 112. பூட்டிய வீட்டுக்குள் சிக்கிய குழந்தைகளை மீட்பது தீயணைப்பு வீரர்களுக்குப் பழகிய வேலைதான். கதவை உடைக்காமல் ஜன்னல் வழியாகவோ மாடி வழியாகவோ இறங்க முடியுமா என்று அவர்களே பார்ப்பார்கள். கதவு போனால் செய்துகொள்ளலாம். இந்த விபத்து நேராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. நைட் லாட்ச்சின் உள்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைத் தள்ளி நிறுத்தினால் நாக்கு வெளியே வராமல் நிற்கும். சாமான் ஏற்றி இறக்கும் நேரம் முழுவதும் அது அப்படியே இருக்கட்டும்.

அவசரம் இல்லையென்றால், பூட்டில் கை வைப்பதற்கு முன் சற்று உட்கார்ந்து யோசியுங்கள். இருக்கும் இடம் தெரிந்த சாவி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தொலைந்த சாவி அல்ல. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டும் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான்: வீட்டுச் சாவி லாரிச் சாவிக் கொத்தோடு கோத்திருக்கும், வண்டி மகாராஷ்டிரா எல்லையைத் தாண்டியிருக்கும். கொத்து பத்திரமாக இருக்கிறதா என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும், பூட்டை மாற்ற வேண்டியதில்லை. கதவைத் திறக்க மட்டும் வழி பார்க்கலாம். கடைசியாகக் கதவைப் பூட்டியவர் யார், அவர் அதன்பின் எதைத் தூக்கினார் என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். மீட்டர் பெட்டியின் மேல், ஜன்னல் கட்டையில், வண்டிக்காரரின் டேஷ்போர்டில், காலி செய்த வீட்டின் அடுப்பு மேடையில் இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்தது மறந்தும் போயிருக்கலாம்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால், உங்கள் கதவில் இருப்பது எந்த வகைப் பூட்டு என்று தெரிந்துகொள்வது பணத்தையும் கதவையும் மிச்சப்படுத்தும்.

கொண்டியில் தொங்கும் பூட்டு என்றால் விஷயம் சுலபம். கிரில் கேட், மொட்டை மாடிக் கதவு, மோட்டார் ரூம், தொட்டி மூடி இவற்றிலெல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் தொங்கு பூட்டுதான். பூட்டின் வளையத்தை அறுத்துவிட்டுப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டால் முடிந்தது. அவசரத்தில் சிலர் கடப்பாரையைக் கொடுத்துக் கொண்டியையும் நாதாங்கியையும் பெயர்த்துவிடுகிறார்கள். பழைய தேக்கு நிலையாக இருந்தால் அதில் ஏற்படும் பிளவு பூட்டின் விலையைப்போலப் பல மடங்கு செலவு வைக்கும். அறுக்க வேண்டியது பூட்டைத்தான்.

பழைய வீட்டு வாசற்கதவுகளில் திண்டுக்கல் பூட்டு இருக்கலாம். மாங்காய் வடிவத்தில் கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டு அந்த ஊரின் பெயர் பெற்ற சரக்கு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை லீவர் பூட்டுகள். உள்ளே தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தூக்குகிறது. எல்லாத் தகடுகளும் சரியாக அதனதன் உயரத்துக்கு வந்தால்தான் நாக்கு நகர வழி கிடைக்கும். ஒன்று கொஞ்சம் குறைந்தாலும், கொஞ்சம் கூடினாலும் திறக்காது. தகடுகளின் எண்ணிக்கை கூடக்கூடக் கள்ளத்தனமாகத் திறப்பது கடினமாகிறது. கடைகளில் ஆறு லீவர், ஏழு லீவர், எட்டு லீவர் என்று கேட்டு வாங்குவது இதனால்தான். இப்படிக் கையால் செய்த பழைய பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டைத் தூக்கி எறியாதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் பூட்டைப் பிரித்து, தகடுகளை அளந்து, புதுச் சாவி செய்துவிடுவார். வேண்டுமானால் தகடுகளின் வரிசையை மாற்றிவிட்டே செய்யலாம். பழைய சாவி அதன்பின் அந்தப் பூட்டைத் திறக்காது.

இன்றைய கதவுகளில் மரத்துக்குள் பதித்த பூட்டுதான் அதிகம். அதில் சாவி நுழையும் பகுதி தனியான ஒரு சிலிண்டர். உள்ளே ஸ்பிரிங் வைத்த சிறு பின்கள் வரிசையாக நிற்கும். சரியான சாவி போனதும் எல்லாப் பின்களும் ஒரே கோட்டில் பிரிந்து சிலிண்டர் சுழலும். அமெரிக்காவின் லைனஸ் யேல் 19ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய முறை இது; உலகம் முழுக்க வீட்டுக் கதவுகளில் இன்றும் இதுதான் ஓடுகிறது. பலருக்குத் தெரியாத ஒரு வசதி இதில் இருக்கிறது. சாவி தொலைந்தால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை, சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவைத் திறந்துவைத்து அதன் விளிம்பைப் பாருங்கள். சிலிண்டருக்கு நேராக ஒரு நீள ஸ்குரூ இருக்கும். அதைக் கழற்றி, கையில் மிச்சமிருக்கும் சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். அதையே கடைக்கு எடுத்துப்போய் அதே நீளத்தில் வாங்கலாம். 60, 70 மில்லிமீட்டர் அளவுகள் பரவலாகக் கிடைக்கும். நீளம் கூடினால் கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். துருத்தும் சிலிண்டரைப் பிடித்து முறிப்பது எளிது என்பதால் சரியான அளவு முக்கியம்.

ஒரு சாவியும் கையில் இல்லையென்றால் சாவி போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். கடைவீதி ஓரங்களிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் குடை விரித்து, அரமும் வைஸும் வெறும் சாவிக் கொத்துமாக உட்கார்ந்திருப்பவர்களின் கைத்திறமையை நாம் உரிய அளவு மதிப்பதில்லை. வெட்டாத வெறும் சாவியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, பூட்டுக்குள் விட்டு அசைத்து எடுப்பார்கள். உள்ளே எங்கே தட்டுகிறதோ அங்கே கரியில் ஒரு சின்னத் தடம் விழும். அந்த இடத்தை அரத்தால் இழுப்பார்கள். மறுபடி கரி, மறுபடி பூட்டு, மறுபடி அரம். கடைசியில் பூட்டு திறக்கும்போது கையில் முழுச் சாவியே தயாராக இருக்கும். துளை போட்டு உடைப்பதைத் தவிர வழியில்லை என்று ஒருவர் வந்ததுமே சொன்னால், இன்னொருவரையும் கேட்டுப் பாருங்கள்.

வந்தவர் உங்களிடம் ஆதாரையோ வாடகை ஒப்பந்தத்தையோ கேட்டால் கோபப்பட வேண்டாம். யாருடைய வீட்டைத் திறக்கிறோம் என்று கேட்கும் ஆள்தான் நம்பத்தகுந்தவர். புதிதாகக் குடிவந்த தெருவில் உங்களை யாருக்கும் தெரியாது என்பதால், வீட்டுக்காரரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உடன் வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சாவியைக் கடையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று வீட்டு முகவரியையும் சொல்லிவிட்டு வரக் கூடாது. நின்று போட்டு வாங்கி வாருங்கள். நகல் எடுக்கும்போது பூட்டோடு வந்த முதல் சாவியைக் கொடுங்கள். நகலிலிருந்து நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகு சேர்ந்து, மூன்றாவது சாவி கதவில் மக்கர் பண்ணத் தொடங்கும்.

சரி, சாவி போட்டுத் திறந்தாயிற்று. அதோடு விட்டுவிடலாமா, பூட்டையும் மாற்ற வேண்டுமா? மாற்றத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது வீட்டின் சாவி தொலையாவிட்டாலும்கூட, வாசற்கதவுக்கும் பின்கதவுக்கும் குடிபோகும் அன்றே நம் பூட்டு இருக்க வேண்டும். முன்பு குடியிருந்தவர்கள், அவர்கள் வீட்டு வேலைக்கு வந்தவர், ஊரிலிருந்து வந்து தங்கிய மைத்துனர் என எத்தனை பேர் நகல் வைத்திருக்கிறார்கள் என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்களிடமிருந்தும் அந்தச் சாவி தொலையலாமே. கைப்பை தொலைந்து, அதில் சாவியோடு முகவரி அச்சிட்ட ஆதார் அட்டையும் இருந்தால் யோசிக்க நேரமே இல்லை. அன்று இரவுக்குள் பூட்டு மாறியிருக்க வேண்டும். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் இந்தக் கவலைக்கு இன்னொரு முகமும் உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. வியாபாரி எடை போட்டுக் கொடுத்த வெள்ளி, வேலை முடியும்வரை வீட்டில்தான் இருக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப்பட்டறையும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பதும், பாவும் நூலும் அடுத்தவருடையதாக இருப்பதும் சாதாரணம். அத்தகைய வீடு மாறும்போது தொலைகிற சாவி, நம் பொருளுக்கு மட்டுமல்ல, நம்மை நம்பிக் கொடுத்தவர் பொருளுக்கும் ஆபத்து. அங்கே பூட்டை மாற்றிவிட்டு, கொடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதே முறை.

கையில் இருக்கும் சாவி எல்லாம் சாவி என்று நம்பிவிடவும் கூடாது. ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் கோயில் கருவூலத்தின் உள்ளறைச் சாவியைக் காணவில்லை என்பது 2018இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் மாற்றுச் சாவிகள் கொண்ட உறை ஒன்று கிடைத்தது. 2024 ஜூலை 14 அன்று கருவூலத்தைத் திறக்கப் போனபோது அந்தச் சாவிகளால் உள்ளறைப் பூட்டுகள் திறக்கவில்லை. பூட்டுகளை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். அத்தனை பெரிய கோயிலில் நடந்தது நம் வாடகை வீட்டிலும் நடக்கும். வீட்டுக்காரர் நீட்டும் கொத்தில் எட்டுச் சாவி இருக்கும், பாதி எதற்கு என்று அவருக்கே நினைவிருக்காது. அதிகாலை நல்ல நேரத்தில் பால் காய்ச்ச வேண்டியவர்கள், விடியலில் வாசலில் நின்று ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் நாள் சாயங்காலமே போய், எல்லாப் பூட்டுகளையும் பூட்டித் திறந்து பார்த்து, திறக்காத சாவிகளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

காலி செய்யும் வீட்டின் சாவி தொலைவதில்தான் பணத் தகராறு வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கதவு, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றின் பூட்டு, கைப்பிடி மாற்றும் செலவை அதன் இரண்டாம் அட்டவணை வாடகைதாரர் பொறுப்பில் வைக்கிறது. ஆகவே சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டுச் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்ட முடியாது. அதே சட்டம் முன்பணத்தைத் திருப்பித் தரும்போது வாடகைதாரர் தர வேண்டியதை மட்டும் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு சாவிக்காக ஒரு மாத வாடகையைப் பிடித்தம் செய்கிறேன் என்பது நியாயமாகாது. பூட்டின் விலையும் பொருத்தும் கூலியும் எவ்வளவோ அவ்வளவுதான். பில்லைக் கேட்டு வாங்குங்கள். இன்னும் நல்லது, நீங்களே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அதே தரத்தில் பூட்டு வாங்கிப் பொருத்தி, எல்லாச் சாவிகளையும் உறையில் போட்டு ஒப்படைப்பது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாவியைத் திருப்பிக் கொடுப்பதுதான் வீட்டை ஒப்படைத்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. சாவி கிடைத்ததும் தருகிறேன் என்று தேடிக்கொண்டே நாட்களைக் கடத்தினால், வீடு இன்னும் உங்கள் வசம்தான், வாடகை ஓடுகிறது என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். வீட்டைக் காலி செய்த அன்றே, “இன்று வீட்டை ஒப்படைத்துவிட்டேன். மூன்று சாவிகளில் இரண்டைக் கொடுத்திருக்கிறேன், ஒன்று தொலைந்துவிட்டது, பூட்டு மாற்றும் செலவு என்னுடையது” என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலாவது அனுப்பிவிடுங்கள். அந்த இரண்டு வரி முன்பணம் முழுவதையும் காக்கும். குடிபோகும் வீட்டுக்கும் இப்படியே, எந்தக் கதவுக்கு எத்தனை சாவி வாங்கினோம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடியிருக்கும்போது பூட்டை மாற்றினால் வீட்டுக்காரருக்குத் தெரிவியுங்கள். அவரும் நீங்கள் இல்லாத நேரத்தில் தன் சாவியைப் போட்டு உள்ளே வரக் கூடாது. வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

பீரோவுக்கு வருவோம். ஏற்றும்போது சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு ஏற்றுவது பலரின் வழக்கம், தொலையாது என்ற எண்ணத்தில். வண்டியில் இன்னொரு சாமான் அதில் இடித்தால் சாவி வளையும், அல்லது பாதி உள்ளேயே முறிந்து நிற்கும். பூட்டி எடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும். முறிந்துவிட்டால் இன்னொரு சாவியால் தள்ளிப் பார்க்காதீர்கள், துண்டு இன்னும் உள்ளே போகும். மெல்லிய குறடால் இழுக்க வராவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். சில கம்பெனி பீரோக்களில் பூட்டின் முகப்பிலோ சாவியிலோ எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் கொண்டு விற்பனையாளர் மூலம் சாவி வரவழைக்க முடியும். வண்டி ஏறுமுன் அதைக் குறித்து வையுங்கள், ஆனால் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதையும் நிறுத்தலாம். கொஞ்ச நாளில் அது பிசுக்காகி, நம் ஊர்ப் புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சிலிண்டர் பூட்டுக்குப் பென்சில் கரியைச் சாவியில் தேய்த்துப் போட்டுத் திருப்பினாலே இளகிவிடும்.

வீட்டுச் சாவியோடு வங்கி லாக்கர் சாவியும் சேர்ந்து தொலைந்திருந்தால் உடனே கிளைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வங்கியின் அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு, உங்கள் முன்னிலையிலும் வங்கி அலுவலர் முன்னிலையிலும்தான் லாக்கரை உடைத்துத் திறக்க வேண்டும். செலவு உங்களுடையது. வெளியாளிடம் லாக்கர் சாவிக்கு நகல் போட முயலவே கூடாது.

இரண்டு மாதம் கழித்து, அரிசி டிரம்முக்குப் பின்னாலோ பழைய துணி மூட்டைக்குள்ளோ அந்தச் சாவி கிடைக்கக்கூடும். லாக்கர் சாவி என்றால் வங்கியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். பழைய வீட்டுச் சாவி என்றால், அங்கே பூட்டு மாறிவிட்டதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாறவில்லை என்றால் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வாங்கி வாருங்கள்.